வேலையில அடிபட்டீங்களா? விசாரிக்க வர்றவர் யாரோட ஆள்னு முதல்ல கேளுங்க!

ஒரு நிமிஷம் இப்படி நினைத்துப் பாருங்கள். கம்பெனி வேலையாக பைக்கில் ஒரு பார்சலைக் கொண்டு போகிறீர்கள். ஒரகடம் பக்கம் பின்னால் வந்த லாரி இடித்துவிடுகிறது. வலது கையில் பிளேட் வைத்து ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரி பெட்டில் படுத்திருக்கிறீர்கள். மூணாவது நாள் ஃபைலோடு ஒருவர் வருகிறார். "தம்பி, இன்ஷூரன்ஸ்ல இருந்து வர்றேன். என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன். கடைசியில ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

கனிவாகத்தான் பேசுகிறார். ஆனால் எந்த இன்ஷூரன்ஸ்? உங்கள் கம்பெனி எடுத்த பாலிசியா, இடித்த லாரியின் பாலிசியா? இந்த ஒரு கேள்விக்கான பதிலில் உங்களுக்குச் சேர வேண்டிய பல லட்சம் ரூபாய் இருக்கலாம். பதில் 'கம்பெனி பாலிசி' என்றால், லாரிமேல் தப்பு என்று நிரூபிப்பதில் அவருக்கும் உங்களுக்கும் ஒரே நோக்கம். 'லாரி பாலிசி' என்றால், அவர் உங்கள் தப்பைத் தேடி வந்தவர்.

வேலையில் விபத்து நடந்தால் முதலில் யார் பணம் கொடுக்கிறார்கள், கடைசியில் அது யார் தலையில் விழுகிறது, நடுவில் இந்த விசாரணை ஆட்களுக்கு என்ன வேலை, நீங்கள் எங்கே உஷாராக இருக்கணும்? எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதல்ல கம்பெனி, அப்புறம்தான் லாரி

இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. 'வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்' என்று இன்றும் பலர் சொல்வது அதைத்தான். பிறகு அதன் பெயர் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. 2025 நவம்பர் 21 முதல் அந்த விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள் வந்திருக்கின்றன. பெயர் மாறினாலும் அடிப்படை அதேதான். வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் ஊழியருக்கு அடிபட்டால் முதலாளி இழப்பீடு தரணும். முதலாளிமேல் தப்பு இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

"இடிச்சது லாரிக்காரன். அவன்கிட்ட போய் வாங்கிக்கோ" என்று முதலாளி கைகழுவ முடியாது. முதலில் அவர் கொடுக்கணும்.

அப்போ தப்பே செய்யாத முதலாளி ஏன் நஷ்டப்படணும்? இதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1923 சட்டத்தின் 13-வது பிரிவு சொல்வது இதுதான்: காயத்துக்கு வெளி ஆள் ஒருவர் சட்டப்படி பொறுப்பு என்றால், இழப்பீடு கொடுத்தவர் அந்தத் தொகையை அந்த வெளி ஆளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். புதிய சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை தொடர்கிறது. முதலாளி பாலிசி எடுத்திருந்தால், பணம் கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலாளியின் இடத்தில் நின்று அந்த வசூலைச் செய்யும். இன்ஷூரன்ஸ் வட்டாரத்தில் இதை 'சப்ரொகேஷன்' என்பார்கள்.

சுருக்கமா சொன்னா, காயம்பட்டவருக்குப் பணம் உடனே போகணும். செலவு கடைசியில் தப்பு செய்தவர் தலையில் விழணும். ஆனால் தப்பு யாருடையது என்பதை யாராவது நிரூபித்தால்தான் இரண்டாவது பாதி நடக்கும். வெளியிலிருந்து விசாரணை ஆட்களை அழைப்பது அதற்காகத்தான்.

'வெளி ஆள்'னா யாரெல்லாம்?

இடித்த வண்டி என்பது எளிதான உதாரணம். வேறு சில இடங்களிலும் 'வெளி ஆள்' ஒளிந்திருப்பார்.

* வாடகை கிரேன், பொக்லைன்: சைட்டுக்கு வந்த கிரேனின் ரோப் அறுந்து ஊழியருக்கு அடிபட்டால், கிரேன் கம்பெனி பராமரிப்பை ஒழுங்காகச் செய்ததா என்ற கேள்வி வரும்.
* சர்வீஸ் கான்ட்ராக்டர்: மெஷினை ரிப்பேர் செய்ய வந்தவர்கள் பாதுகாப்பு கார்டைத் திரும்ப மாட்டாமல் போயிருக்கலாம்.
* மெஷின் தயாரிப்பாளர்: அவசரத்தில் அமுக்கும் சிவப்பு பட்டன் வேலை செய்யவில்லை என்றால், அது ஆபரேட்டர் தப்பா, தயாரிப்புக் குறைபாடா?
* மின்கம்பி: அறுந்து தொங்கிய கம்பியால் ஷாக் அடித்தால், கவனக்குறைவை நிரூபிக்காவிட்டாலும் மின் வாரியம் பொறுப்பாகும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.
* சப்-கான்ட்ராக்ட்: கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டால், வேலையைக் கொடுத்த மெயின் கம்பெனியிடமே இழப்பீடு கேட்கலாம். கம்பெனி கொடுத்துவிட்டு கான்ட்ராக்டரிடம் வசூலிக்கும். 1923 சட்டத்தின் 12-வது பிரிவு இதற்காகத்தான். 'நீ எங்க ரோல்ல இல்லையே' என்று கேட்டில் திருப்பி அனுப்பினால் இதை நினைவில் வையுங்கள்.

விசாரணை ஆள்: போலீஸும் இல்லை, அதிகாரியும் இல்லை

இன்ஷூரன்ஸ் உலகத்தில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் சர்வேயர். வண்டி, மெஷின் சேதத்தை மதிப்பிடுபவர். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் லைசென்ஸ் வாங்கியவர். இன்னொருவர் இன்வெஸ்டிகேட்டர். விபத்து எப்படி நடந்தது, யார் தப்பு, க்ளெய்ம் உண்மையா என்று விசாரித்து ரிப்போர்ட் எழுதித் தருபவர். இவர் பெரும்பாலும் தனியார் ஏஜென்சி ஆள். ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள், வக்கீல்களும் இந்த வேலை செய்கிறார்கள்.

தனியார் துப்பறியும் ஏஜென்சிகளை முறைப்படுத்த 2007-ல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. ஆனால் சட்டமாகவில்லை. அதனால் 'நான் கவர்ன்மென்ட் லைசென்ஸ் வாங்கின டிடெக்டிவ்' என்று யாராவது கெத்தாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இவரால் உங்களைக் கேள்வி கேட்க முடியும். பதில் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் போனை வாங்கிப் பார்க்க, வீட்டைச் சோதனை போட அதிகாரம் கிடையாது. உங்கள் கால் லிஸ்ட்டை எடுக்கவும் முடியாது. குறுக்கு வழியில் எடுத்தால் அது குற்றம்.

அதற்காக அவரை வில்லனாகவும் பார்க்க வேண்டாம். செய்யாத விபத்தில் வண்டியைச் சேர்ப்பது, ஓட்டாத டிரைவரை ஓட்டியதாகக் காட்டுவது என்று போலி க்ளெய்ம்களும் வருகின்றன. அதைக் கண்டுபிடிப்பதும் அவருடைய வேலைதான். அவர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு பேசினால் போதும்.

அவர் என்னதான் தேடுவார்?

நல்ல இன்வெஸ்டிகேட்டர் ஒரு ஃபைலில் என்னென்ன சேர்ப்பார் என்று தெரிந்தால், அதையே நீங்களும் உங்களுக்காகச் சேர்த்துவைக்கலாம்.

1. ஏ.ஆர் காப்பி. ஆஸ்பத்திரிக்குப் போனதும் டியூட்டி டாக்டர் 'ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்' எழுதுவார். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்று சில வரிகள்தான். விபத்தைப் பற்றி எழுதப்படும் முதல் ஆவணம் பல நேரம் அதுதான். கூட வந்தவர் பதற்றத்தில் 'வண்டியில இருந்து விழுந்துட்டார்' என்று சொல்லி, அது அப்படியே பதிவானால் சிக்கல். 'லாரி இடிச்சுது' என்று பிறகு நீங்கள் சொல்லும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டுவார்.

2. எஃப்.ஐ.ஆர். வண்டி நம்பர் இருக்கிறதா, எந்த டிரைவர்மேல் வழக்கு, எத்தனை நாள் கழித்துப் புகார் கொடுத்தார்கள் என்பதைப் பார்ப்பார். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

3. சிசிடிவி. டீக்கடை, பெட்ரோல் பங்க், பக்கத்து ஃபேக்டரி கேட் என்று எல்லா கேமராவும் முக்கியம். ஆனால் ரெக்கார்டிங் சில நாளில் தானாக அழிந்து அதன்மேலேயே புதுசு பதிவாகிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே போய்க் கேட்கணும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, எலெக்ட்ரானிக் பதிவின் நகலைக் கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழ் தேவை. வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு ஆகி வந்த கிளிப்பை மட்டும் நம்பி உட்கார முடியாது.

4. இடித்த வண்டியின் ஜாதகம். ஆர்.சி, இன்ஷூரன்ஸ், எஃப்.சி, பெர்மிட், டிரைவரின் லைசென்ஸ். வண்டி நம்பர் இருந்தால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதிவரை இருக்கிறது என்பதை எம்-பரிவாஹன் ஆப்பில் நீங்களே பார்க்கலாம்.

5. ஃபேக்டரி என்றால். மெஷின் பராமரிப்பு பதிவேடு, ஒர்க் பெர்மிட், கான்ட்ராக்ட் பேப்பர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரியின் விசாரணை அறிக்கை. விபத்துக்கு அப்புறம் மெஷினை உடனே சரிசெய்துவிட்டால் ஆதாரம் போச்சு. அதனால் கை வைக்கும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துவைப்பது முதலாளிக்கும் நல்லது.

6. உங்கள் பக்கத்து விஷயங்கள். ஹெல்மெட் போட்டிருந்தீர்களா, குடித்திருந்தீர்களா, பாதுகாப்பு கார்டை வேண்டுமென்றே கழற்றினீர்களா? போதையில் இருந்ததால், அல்லது பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதால் காயம் என்றால், முதலாளி இழப்பீட்டை மறுக்க முடியும். உயிரிழப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் மட்டும் இந்தக் காரணங்கள் செல்லாது.

ஆதாரம் சேர்க்க அரசு வழியும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மோட்டார் வாகன விதிகளின்படி, சாலை விபத்தில் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தரணும். பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தையும் உங்களிடம் கொடுக்கணும். இந்தத் தகவல்களைச் சேர்க்கும் தேசிய விபத்துத் தரவு அமைப்பை உருவாக்கியதில் நம்ம சென்னை ஐ.ஐ.டி-க்குப் பங்கு உண்டு. ஸ்டேஷனில் 'விரிவான விபத்து அறிக்கை எந்த நிலையில இருக்கு சார்?' என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்துகொள்வார்கள்.

ரெண்டு வழி இருக்கு, ஒண்ணுலதான் போகலாம்!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதென்றால், இதை எடுங்கள்.

வேலை நேரத்தில் சாலை விபத்து நடந்தால் உங்கள்முன் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, முதலாளியிடம் ஊழியர் இழப்பீடு. இரண்டு, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் லாரிமேல் வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 167-வது பிரிவு, இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. ஒரு கதவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இன்னொன்று மூடிவிடும் என்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

எவ்வளவு வித்தியாசம் வரும்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு வயது 28, சம்பளம் 18,000 ரூபாய், கையில் ஏற்பட்ட காயத்தால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவிகிதம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

கதவு 1, ஊழியர் இழப்பீடு: கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2020 ஜனவரி அறிவிப்புப்படி அது 15,000 ரூபாய். அதில் 60 சதவிகிதம் 9,000. 28 வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள எண் 211.79. பெருக்கினால் 19,06,110. அதில் 30 சதவிகிதம் 5,71,833 ரூபாய். மருத்துவச் செலவு தனி.

கதவு 2, தீர்ப்பாயம்: இங்கே சம்பள உச்சவரம்பு இல்லை. 40 வயதுக்குள் இருப்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவிகிதம் சேர்ப்பது உச்ச நீதிமன்றம் 2017-ல் வகுத்த வழி. நிரந்தர வேலை என்றால் அது 50 சதவிகிதம். 18,000 ரூபாயோடு 40 சதவிகிதம் சேர்த்தால் 25,200. வருடத்துக்கு 3,02,400. இந்த வயதுக்குப் பெருக்கும் எண் 17. மொத்தம் 51,40,800. அதில் 30 சதவிகிதம் 15,42,240 ரூபாய். வலி, வேதனை, சிகிச்சைச் செலவெல்லாம் இதற்கு மேல்.

அப்போ எல்லாரும் இரண்டாவது கதவுக்கே போகலாமா? அவசரப்படாதீங்க. தீர்ப்பாயத்தில் லாரி டிரைவரின் கவனக்குறைவை நிரூபிக்கணும். உங்கள்மேலும் பாதித் தப்பு என்று தீர்ப்பானால் தொகையும் பாதியாகும். சாட்சி இல்லை, கேமரா இல்லை, வண்டி நம்பரே தெரியவில்லை என்றால் முதல் கதவுதான் பாதுகாப்பு. கம்பெனி வண்டியை நீங்களே ஓட்டி, உங்கள் கவனக்குறைவால் மரத்தில் மோதியிருந்தாலும் முதல் கதவுதான்.

வெளி ஆள் விசாரணை உங்கள் பாக்கெட்டைத் தொடுவது இங்கேதான். கம்பெனி கொடுத்த 5.7 லட்சத்தை நீங்கள் வாங்கிக்கொண்டால், கம்பெனியின் இன்ஷூரன்ஸ் ஆள் ஆதாரம் சேர்த்து, லாரியின் இன்ஷூரன்ஸிடமிருந்து அந்த 5.7 லட்சத்தைத் திரும்ப வாங்குவார். கம்பெனி தரப்பு கணக்கு சரியாகிவிடும். ஆனால் நீங்கள் நேராகப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மீதித் தொகை? அது யாருக்கும் இல்லாமல் போய்விடும். அதே ஆதாரம் உங்கள் கையில் இருந்தால் எந்தக் கதவு என்று நீங்கள் முடிவு செய்யலாம். அதனால் எந்த மனுவிலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுங்கள்.

இ.எஸ்.ஐ இருந்தா கதை வேற

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை இருந்து இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்கள் முதலாளியிடம் தனியாக ஊழியர் இழப்பீடு கேட்க முடியாது. அதற்குப் பதில் இ.எஸ்.ஐ தருகிறது. வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவிகிதம், நிரந்தர ஊனம் என்றால் மாதாமாதம் தொகை, சிகிச்சை எல்லாம் அதில் வரும்.

இ.எஸ்.ஐ விதி தடுப்பது முதலாளியிடமும் அவருடைய ஆட்களிடமும் நஷ்டஈடு கேட்பதைத்தான். சம்பந்தமே இல்லாத லாரிக்காரரை அந்தத் தடை காப்பாற்றாது. 'அதான் இ.எஸ்.ஐ இருக்கே' என்று லாரிமேல் வழக்கே போடாமல் விட்டவர்கள் நிறைய பேர். நீங்க விட்டுடாதீங்க.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும், வேலையோடு நேரம், இடம், சூழ்நிலைத் தொடர்பு இருந்தால் வேலை விபத்தாகவே கருதப்படும். இ.எஸ்.ஐ-யில் 2010 திருத்தம் அதைச் சேர்த்தது. ஊழியர் இழப்பீட்டிலும் அப்படித்தான் பார்க்கணும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

டெலிவரி பார்ட்னரா நீங்க?

ஆப் கம்பெனிகள் உங்களை 'ஊழியர்' என்று சொல்வதில்லை, 'பார்ட்னர்' என்கின்றன. புதிய சட்டத் தொகுப்பும் கிக் தொழிலாளர்களைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. அதனால் முதல் கதவு உங்களுக்குச் சுலபமாகத் திறக்காது. ஆனால் இடித்த வண்டிமேல் தீர்ப்பாயத்துக்குப் போக, நீங்கள் யாருக்கும் ஊழியராக இருக்க வேண்டியதே இல்லை. ஆப்பில் இருக்கும் விபத்து பாலிசியையும் தேடி எடுத்துப் படித்துவையுங்கள். விபத்து நடந்த நேரத்தில் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை அன்றைக்கே எடுத்து வையுங்கள். ஐடி பிளாக் ஆகிவிட்டால் பிறகு எடுக்க முடியாமல் போகலாம்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி கடைசிவரை தெரியவே இல்லை என்றால், அரசின் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சமும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு.

பெட் பக்கத்துல வந்து நின்னா என்ன செய்யணும்?

* அடையாள அட்டையும் கடிதமும் கேளுங்கள். எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி, எந்த பாலிசி, யார் சார்பில் என்று தெரிந்த பிறகு பேசுங்கள். இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
* மருந்து மயக்கத்தில் பேசாதீர்கள். 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார்' என்று சொல்வதில் தப்பே இல்லை.
* நடந்ததை மட்டும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 'ஸ்பீடு எவ்வளவு இருக்கும்?' என்று கேட்டால் உத்தேசமாக ஒரு நம்பரைச் சொல்லிவிடாதீர்கள். அதுதான் ரிப்போர்ட்டில் வரும்.
* வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியது உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால், படித்துக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட எதற்கும் நகல் வாங்குங்கள்.
* 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' வந்தால் நிறுத்துங்கள். 'இந்தத் தொகையோட எல்லா உரிமையும் முடிஞ்சுது' என்று எழுதியிருக்கும் பேப்பர் அது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக முதலாளியிடம் எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி செல்லாது. மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் என்றால் அதைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் பதிவு செய்யணும். தொகை குறைவு என்று தெரிந்தால் அவர் மறுக்கலாம். ஆனால் லாரி தரப்பிடம் எழுதிக் கொடுப்பதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.
* மருத்துவப் பரிசோதனையைத் தட்டாதீர்கள். முதலாளி தன் செலவில் டாக்டரிடம் பரிசோதிக்க அழைத்தால் போகணும். காரணமில்லாமல் மறுத்தால் இழப்பீடு நிற்கலாம்.
* இன்ஸ்டாவில் கவனம். 'கையைத் தூக்க முடியல' என்று மனுவில் இருக்கும்போது, பழைய டான்ஸ் ரீலை இப்போது போஸ்ட் செய்தால்கூட அது ஃபைலில் ஏறும். பொது இடத்தில் உங்களை வீடியோ எடுக்கவும் செய்வார்கள். பொய் சொல்லாதவருக்குப் பயமில்லை; ஆனால் தேதியில்லாத வீடியோ உண்மையைக்கூடப் பொய்யாகக் காட்டும்.

நீங்க சின்ன முதலாளியா இருந்தா…

பத்துப் பேரை வைத்து ஒர்க்‌ஷாப்போ, கேட்டரிங்கோ நடத்துகிறீர்கள். உங்கள் ஊழியருக்கு வெளி ஆளால் அடிபட்டால், முதலில் பணத்தைக் கொடுங்கள். ஒரு மாதம் தாண்டினால் 12 சதவிகித வட்டி ஏறும். காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 சதவிகிதம் வரை அபராதமும் வரும். உயிரிழப்பு என்றால் தொகையைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுக்காமல், தொழிலாளர் துறை அதிகாரியிடம் டெபாசிட் செய்யணும்.

அப்புறம் திரும்ப வாங்கும் வேலை. பாலிசி இருந்தால், விபத்து நடந்ததும் இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் சொல்லுங்கள். அவர்களைக் கேட்காமல் லாரிக்காரரிடம் சமரசம் பேசி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது அவர்களுடைய வசூல் உரிமையைக் கெடுக்கும், உங்கள் க்ளெய்முக்கும் சிக்கல். பாலிசி இல்லை, நீங்களே இன்வெஸ்டிகேட்டரை வைக்கிறீர்கள் என்றால் மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள். ஃபீஸ் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கணும். ஆதாரத்தைச் சட்டப்படிதான் சேர்க்கணும். திருட்டுத்தனமாக எடுத்த கால் லிஸ்ட் உங்களையும் வழக்கில் மாட்டிவிடும். தேவைப்பட்டால் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லணும். வராதவரின் ரிப்போர்ட் வெறும் பேப்பர்தான். 'ஜெயிச்சா இத்தனை பர்சென்ட்' என்று பேசுபவரிடம் உஷார். அவருடைய வருமானமே தீர்ப்பைப் பொறுத்தது என்று தெரிந்தால், எதிர்த்தரப்பு அவர் சாட்சியத்தை எளிதாக உடைத்துவிடும்.

காலண்டர்ல குறிச்சு வைங்க

* முதல் நாள்: ஏ.ஆர் பதிவில் சரியான விவரம், போலீஸில் புகார், கம்பெனிக்கு எழுத்தில் தகவல். வாட்ஸ்அப்பும் மெயிலும் பிறகு கைகொடுக்கும்.
* முதல் வாரம்: சிசிடிவி, சாட்சிகளின் பெயர், போன் நம்பர், இடத்தின் போட்டோ.
* 90 நாள்: போலீஸின் விரிவான விபத்து அறிக்கை.
* 6 மாதம்: தீர்ப்பாயத்தில் மனு போடச் சட்டம் தரும் காலம். 2022 ஏப்ரல் முதல் இதுதான் விதி. கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள்.
* 2 வருடம்: ஊழியர் இழப்பீட்டு மனுவுக்கான காலம்.

இழப்பீட்டு உரிமை பற்றி வேலைக்குச் சேரும்போதே உங்களுக்குப் புரியும் மொழியில் முதலாளி தெரிவிக்கணும் என்று 2017-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்களுக்கு யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்காவிட்டால், நாளைக்கே ஹெச்.ஆரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'எனக்கு இ.எஸ்.ஐ இருக்கா? இல்லைன்னா எந்த பாலிசி இருக்கு?'

பதில் வந்ததும் பாலிசி நம்பரை போனில் சேமித்துவையுங்கள், வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். அடிபட்ட அன்று ஏ.ஆர் எழுதும் டாக்டரிடமும், ஃபைலோடு வரும் அந்த நபரிடமும் பேசப்போவது பெரும்பாலும் அவர்கள்தான்.